மாட்டு வைத்தியமும் மேய்க்கால் புறம்போக்கும்

1

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிற ஆயா ஒருவர் இருக்கிறார். போன ஐப்பசி மழையில் அவருடைய கலப்பினப் பசுவுக்கு மடி இறுகிப்போய்விட்டது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. டாக்டரைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"கூப்பிட்டா வருவாரு தம்பி, ஊசியும் போடுவாரு. ஊசி போட்டா நாலு நாளு பால ஊத்தக்கூடாதுன்றாங்க. வாடிக்கை போயிடுச்சின்னா எவன் திரும்பி வருவான்?"

கோயில் மதிலோரம் இருந்து சோற்றுக்கற்றாழை மடல் வெட்டி வந்து முள்ளைச் சீவினார். மஞ்சளையும் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பையும் சேர்த்து அம்மியில் வைத்து அரைத்தார். விழுது ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தது. மடியைக் கழுவி, கெட்டுப்போன பாலைப் பீய்ச்சி வெளியே விட்டு, விழுதைத் தண்ணீரில் கரைத்துத் தடவினார். காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடி தடவல். "ஒரு நாளைக்குப் பத்து வாட்டி. சளைக்காம செய்யணும்." ஐந்தாம் நாள் மடி இளகியது. "எல்லாத்துக்கும் கேட்டுடும்னு நெனைக்காத. போன வருஷம் அந்தக் கருப்பிக்குக் கேக்கல. ஒரு காம்பு போயிடுச்சி" என்றும் சொன்னார்.

இதே மருந்து அச்சடித்த தாளிலும் கிடைக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முதலானோர் மரபுவழி மாட்டு வைத்தியத்தைத் தொகுத்தும் சோதித்தும் முறைப்படுத்தினார்கள். அந்த வழியில் வந்தது இந்த மருந்து. ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இதைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுபோயிருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். ஆயாவின் கணக்கோ பெரிய மடல் ஒன்று, கொம்பு மஞ்சள் ஒரு கை, கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பு. இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குப் பெயர் 'மரபுசார் கால்நடை மருத்துவம்', மற்றதற்குப் பெயர் 'கைவைத்தியம்'.

கையிலிருந்து தாளுக்குப் போனபோது இந்த அறிவோடு என்ன சேர்ந்தது, எது உதிர்ந்தது என்பதுதான் இங்கே நமக்குக் கேள்வி. சேர்ந்தது கிராம் கணக்கும் அங்கீகாரமும். உதிர்ந்தது அறிந்தவரின் பெயர். அதோடு அந்த அறிவு விளைந்த நிலம்.

2

மாட்டு வைத்தியம் எழுத்தில் இல்லாத ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மாட்டு வாகடம் என்ற பெயரில் ஏட்டுச் சுவடிகள் உண்டு, அச்சிலும் வந்திருக்கின்றன. அரசனுடைய யானைக்கும் குதிரைக்கும் தனித்தனியே சாஸ்திரங்கள் இருந்தன. படையும் வரியும் எந்த விலங்கைச் சார்ந்திருந்தனவோ அந்த விலங்கின் வைத்தியம் ஏடேறியது. ஆட்டுக்கு, கோழிக்கு, ஏழை வீட்டுக் கறவைக்குத் தெரிந்த வைத்தியம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது. எது எழுதப்பட வேண்டும் என்பதில் அன்றைக்கே அதிகாரத்துக்குக் கை இருந்தது.

காலனிய ஆட்சி இந்தப் பிரிவினையைச் சட்டமாகவும் நிறுவனமாகவும் மாற்றியது. 1876இல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி வந்தது. 1903இல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. படைக்குதிரையும் கூட்டங்கூட்டமாக மாட்டைக் கொன்ற வெக்கை நோயும்தான் அன்றைய கால்நடைத் துறையின் பெருங்கவலைகள். நாடு விடுதலையான பின்னும் கோடு அழியவில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம் என்கிறது. சில்லறைச் சேவைகளுக்கு மாநில அரசு விலக்குத் தரலாம், அவ்வளவுதான்.

மனித உடம்பின் கதை வேறு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு 1970இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2020இல் அதன் இடத்தை வேறொரு சட்டம் எடுத்துக்கொண்டது. பதிவேடு உண்டு, பட்டம் உண்டு, கல்லூரி உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். சித்த வைத்தியராகவும் பௌத்தராகவும் சாதியை எதிர்த்தவராகவும் வாழ்ந்த ஒருவருக்கு (1845–1914) இது காலந்தாழ்ந்த மரியாதை. அந்த வாசலில் மனிதருக்குத் தருகிற மஞ்சளும் கற்றாழையும் அரசு அங்கீகரித்த 'மருத்துவம்'. அதே மஞ்சளும் கற்றாழையும் மாடம்பாக்கத்து மாட்டின் மடிக்கு வந்ததும் பதிவேடு இல்லாத, பெயர் இல்லாத ஒன்றாகிவிடுகிறது. செடி மாறவில்லை. உடம்பு மாறியதும் அறிவின் தரம் மாறிவிட்டது. 1976இல் ஃபூக்கோ தம் சொற்பொழிவுகளில் அடக்கப்பட்ட அறிவுகளைப் பற்றிப் பேசினார். தகுதி போதாது என்று வரிசையின் அடியில் தள்ளப்பட்டவை அவை. அந்த வரிசையிலும் கடைசிப் படி எது என்று தேடினால் மாட்டுத் தொழுவத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 'மரபு' என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்வது ஒற்றையானதல்ல. மாடு உயிரோடு இருக்கும்வரை அதைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்தவர்கள் சிலர். செத்த பிறகு தூக்கிப் போகவும் உரிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் தலித்துகள். மாட்டின் உள்ளே ஈரல் எப்படி இருந்தது, குடலில் என்ன அடைத்திருந்தது, எந்தச் சாவு எப்படி நிகழ்ந்தது என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. கல்லூரியில் இதே வேலைக்குப் பெயர் பிணப் பரிசோதனை, அது விஞ்ஞானம். சேரியில் அதற்குப் பெயர் தீட்டு. மாட்டு வைத்தியத்தின் பாதி அறிவை இப்படித் தீட்டாக்கி ஒதுக்கிய பிறகு மிச்சத்தை 'நம் முன்னோர் அறிவு' என்று கொண்டாடுவது யாருடைய வசதிக்கு?

3

ஒதுக்கப்பட்ட கைவைத்தியத்தை நிறுவனங்கள் இப்போது ஏன் தேடி வருகின்றன? ஞானோதயம் வந்து அல்ல. நவீன மருந்து தன் எல்லையில் போய் முட்டிக்கொண்டதால்.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆயா சொன்ன 'நாலு நாளு' கணக்கை வைத்துப் பாருங்கள்: ஊசி போட்ட மாட்டின் பாலை ஊற்றாமல் நிறுத்தினால் நஷ்டம் முழுக்கக் கறப்பவர் தலையில் விழுகிறது. அதை ஈடுகட்ட யாரும் இல்லாதபோது எச்சம் பாலில் வரத்தான் செய்யும். கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவது அடுத்த படி. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019இல் அரசு தடை போட்டது. மாட்டுக்கு வலி தீர்க்கப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கொன்றது 2004இல் நிரூபணமானது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் கழுகினம் அழிவின் விளிம்புக்கு வந்திருந்தது. மாட்டு உடம்பில் ஏற்றுவது மாட்டோடு நிற்பதில்லை.

இந்த நெருக்கடியில்தான் எச்சம் வைக்காத, கைக்கெட்டும் விலையில் உள்ள கைவைத்தியத்துக்கு மவுசு வந்தது. கோமாரியில் வாய்ப்புண் வந்த மாட்டுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு மூன்றையும் ஊறவைத்து அரைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்து நாக்கிலும் ஈறிலும் தடவுகிறார்கள். காலில் புண் என்றால் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, பூண்டு, மஞ்சள் இவற்றை எண்ணெயில் காய்ச்சிப் போடுகிறார்கள். சினை பிடிக்காத மாட்டுக்கு முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று நாள் வரிசை. 2022இல் தோல் கழலை நோய் பரவியபோது வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்த உருண்டை ஊர் ஊராகப் போனது. இவையெல்லாம் நல்ல காரியம். இதைச் செய்தவர்கள் மரியாதைக்குரியவர்கள்.

ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, மடிநோய் இந்த அளவுக்குப் பெருகியது அதிகப் பால் கறக்கும் கலப்பின மாட்டோடுதான். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி மாட்டைப் பால் எந்திரமாகப் பார்க்கப் பழக்கியது. அந்த எந்திரத்தில் ஏற்படும் ஓட்டையை அடைக்கக் கற்றாழையையும் மஞ்சளையும் கூப்பிடுகிறார்கள். மரபு இங்கே மாற்றாக வரவில்லை, ஒட்டுப்போட வருகிறது.

இரண்டாவது, மேலே சொன்ன பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். சீரகம், வெந்தயம், மிளகு, வெல்லம், தேங்காய், பூண்டு, மஞ்சள்: முக்கால்வாசி மளிகைக் கடைச் சாமான். இது தற்செயல் இல்லை. எந்த மாநிலத்திலும் கிடைக்க வேண்டும், செடியைத் தப்பாக அடையாளம் கண்டு விஷமாகிவிடக் கூடாது என்றால் அஞ்சறைப்பெட்டிதான் பத்திரம். அந்த நியாயம் புரிகிறது. ஆனால் வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் நின்ற வேலிப்பருத்தியும் தும்பையும் நொச்சியும் ஆடாதொடையும் இந்தப் பயணத்தில் மெல்லப் பின்தங்கிவிடுகின்றன. மாடு மேய்க்கிறவர் கண்ணால் தேர்ந்த செடியின் இடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய பொட்டலம் வந்துவிட்டது.

4

உரிமை யாருக்கு என்ற கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெற்றி இது. எதை வைத்து வென்றோம் என்பது முக்கியம். அந்நாட்டின் அன்றைய சட்டப்படி, வெளிநாட்டில் வாய்மொழியாகப் புழங்கும் அறிவு சாட்சி ஆகாது. அச்சில் இருந்தால்தான் சாட்சி. ஆகவே பழைய நூல்களும் 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் சாட்சி சொல்லின. தலைமுறை தலைமுறையாக மஞ்சள் அரைத்த கைகளுக்குக் கூண்டில் ஏற இடமில்லை.

நம் சட்டம் எப்படி? 2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நடத்துகிற தேசியப் பல்லுயிர் ஆணையம் இதே தென்சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. மரபறிவைக் கொண்டு லாபம் பார்ப்பவர்கள் அந்த அறிவுக்குரிய மக்களோடு பயனைப் பகிர வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2023இல் அதைத் திருத்தினார்கள். 'தொகுக்கப்பட்ட மரபறிவை'ப் பயன்படுத்துவோருக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு. தொகுக்கப்பட்டது என்றால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்கள். ஆக, ஆயாவின் மருந்து அப்படி ஒரு பழைய நூலில் அகப்பட்டுவிட்டால் கம்பெனிக்கு அது இலவசம். அகப்படவில்லை என்றால் உரிமை ஆயாவின் ஊருக்கு இருக்கலாம். ஆனால் அவருக்கு அது தெரியும் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லையே! எழுதினால் போச்சு, எழுதாவிட்டால் இல்லவே இல்லை. வாய்மொழி அறிவை இந்த இடுக்கியில்தான் வைத்திருக்கிறோம்.

இதிலிருந்து வெளியே வர வழி காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் சங்கம் வைத்து மூலிகைத் தோட்டம் போட்டு, தங்கள் செடியறிவைத் தங்கள் கையிலேயே வைத்துத் தொழில் செய்தார்கள். வட நெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புக்கடி மருந்து செய்ய வேண்டிய நஞ்சு அங்கிருந்து போகிறது. இரண்டிலும் அறிந்தவர்கள் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிப்போகவில்லை. அமைப்பாக நின்றார்கள்.

5

இனி நிலத்துக்கு வருவோம். சென்னைக்குள் மந்தைவெளி என்று ஓர் இடம் இருக்கிறது. மந்தை நின்ற வெளி. இன்றைக்கு அது பஸ் ஸ்டாண்டின் பெயர். தெற்கே வர வர எல்லாப் பாக்கங்களின் கதையும் இதுதான். வருவாய்த் துறைக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு. ஊர் மாடுகள் மேய என்று விட்ட பொது நிலம். பட்டா இல்லாததால் அதை யாருக்கும் சொந்தமில்லாதது என்று படித்தது நிர்வாகம். எல்லோருக்கும் சொந்தம் என்று படித்திருந்தது ஊர். அரசு அலுவலகமோ, குடியிருப்போ, குப்பை மேடோ, எது வந்தாலும் முதலில் கை வைத்தது புறம்போக்கில்தான். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த பள்ளிக்கரணைக் கழுவெளி குப்பைக்கும் சாலைக்கும் மென்பொருள் கட்டடங்களுக்கும் போக மிஞ்சியதில் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. பறவைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பக்கம் மேய்ந்த மாட்டுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மாடம்பாக்கமும் அதில் ஒன்று. ஆவணத்தில் ஒரே நாளில் ஊர் நகரமாயிற்று. மேய்ந்த மாடு 'தெருவில் திரியும் மாடு' ஆயிற்று. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டத்திலிருந்து வந்த 'பவுண்டு' இன்னும் நம் பேச்சில் இருக்கிறது: மாட்டைப் பிடி, அடை, அபராதம் வாங்கு. சாலையில் மாடு முட்டி மனிதர் சாகிறார்கள், அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் மாடு அத்துமீறியதா, மாட்டின் நிலத்தில் சாலை அத்துமீறியதா என்ற கேள்வியை அபராத ரசீது கேட்பதில்லை.

புல் இல்லாத மாடு குப்பையைத் தின்கிறது. 2019இல் வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். வயிற்று உப்புசத்துக்கு இஞ்சி, பூண்டு, வெற்றிலை, மிளகு என்று அருமையான மருந்து இருக்கிறது. 52 கிலோ பிளாஸ்டிக்கை எந்த மூலிகை கரைக்கும்? பச்சிலை வைத்தியம் என்பது மருந்து மட்டும் இல்லை. மாடு நடந்து, தேர்ந்து தின்று, வேண்டாததை விலக்கி வாழ்ந்த ஒரு வாழ்முறையின் கடைசி முனைதான் மருந்து. அடியை வெட்டிவிட்டு முனையை மட்டும் புத்தகத்தில் பாதுகாக்கிறோம்.

6

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஊசியே வேண்டாம், எல்லாம் பச்சிலையே பார்த்துக்கொள்ளும்' என்று யாராவது கிளம்பினால் அவர்களிடமிருந்தும் மாட்டைக் காப்பாற்ற வேண்டும். வெக்கை நோயை ஒழித்தது தடுப்பூசி. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். எந்தக் கஷாயமும் அதைச் செய்யவில்லை. கோமாரிக்கு வாயில் தடவும் மருந்து புண்ணை ஆற்றும், கிருமி பரவுவதைத் தடுக்காது, அதற்குத் தடுப்பூசிதான். அடைப்பான் நோயில் மாடு மணிக்கணக்கில் செத்துவிடும், தொடுகிற மனிதருக்கும் தொற்றும். வெறிநாய் கடித்த மாட்டுக்குப் பச்சிலை கட்டிக் காத்திருப்பது மாட்டோடு மனிதரையும் கொல்லும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதும் 'மரபு'தான்; அது வெறும் சித்திரவதை. மரபுக்குள் எதை எடுக்கலாம், எதைத் தள்ளலாம் என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் இல்லாதவர்கள் மரபைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. "கருப்பிக்குக் கேக்கல" என்று தானாகச் சொன்ன ஆயாவிடம் அந்த நேர்மை இருந்தது. விளம்பரத் தாளில் அது இருப்பதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன செடி, என்ன விலங்கு, யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இப்படிப்பட்ட பதிவேடுகளை ஆபீசில் உட்கார்ந்து ஒரு பட்டியலைப் பார்த்து நிரப்பிவிடுவது சுலபம். அதற்கு விடாமல், தெருவில் மாடு வைத்திருக்கிற பெண்களையும், மேய்க்கிறவர்களையும், செத்த மாட்டைத் தூக்கியவர்களின் பிள்ளைகளையும் உட்காரவைத்து, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரில் எழுத வைப்பது நம் மாதிரி எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய வேலை. சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஒவ்வொரு ஊரிலும் மேய்க்கால் என்று எழுதியிருந்த சர்வே எண்கள் எவை, இன்று அங்கே என்ன நிற்கிறது என்று கேட்டு வாங்குவது இன்னொரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலத்தை மீட்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டிக் குடிசைகளை மட்டும் இடித்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவர்களை விட்டுவைப்பார்கள் என்றால் அதையும் கண்காணிக்க வேண்டும்.

இதை எழுதும்போது ஆயாவிடம் போய், "உங்க பேரைப் போட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"பேரு என்னாத்துக்கு தம்பி? அந்தக் கோயில் மதிலோரம் சிமெண்டு போடப் போறாங்களாம். கத்தாழைய எங்க போய் வெட்டுவேன்னு அத எழுது."

எழுதிவிட்டேன்.